இறுகிப்போன போல்ட்: ஊவாத் தோட்டங்களின் பழைய இரும்பைக் கழற்றும் வழிகள்

பதுளை மாவட்டத்தின் பழைய தேயிலைத் தொழிற்சாலைகளில் கொழுந்து அரைக்கும் ரோலரின் அடியில் குனிந்து பார்த்தால், பல காலத்து இரும்பை ஒரே இடத்தில் காணலாம். சட்டகம் பிரித்தானியர் காலத்து வார்ப்பிரும்பு. அதைப் பிடித்திருக்கும் போல்ட் பிறகொரு காலத்தில் உள்ளூர்ப் பட்டறையில் கடைந்து போட்டது. அதன்மேல் ஏறியிருக்கும் நட் போன வருடம் கடையில் வாங்கியது. தண்ணீரும் கொழுந்துச் சாறும் ஊறி, துரு இந்த மூன்றையும் ஒட்டவைத்திருக்கும். ஒருநாள் அவற்றில் ஒன்றைக் கழற்றியே ஆகவேண்டிய நிலை வரும்.

கழற்றுவது எப்படி என்பதற்கு ஆளுக்கொரு வழி சொல்வார்கள். மண்ணெண்ணெய் போதும் என்பார் ஒருவர், கேஸ் அடுப்பைக் கொண்டுவா என்பார் இன்னொருவர், வெட்டித் தள்ளு என்பார் மூன்றாமவர். மூன்றும் சரியான வழிகள்தான். எதை எங்கே செய்வது என்பதில்தான் தகராறு. போல்ட்டின் விலை சில நூறு ரூபாய். அது பிடித்திருக்கும் வார்ப்பிரும்பு உடைந்தால் அதே பாகத்தை இன்று எந்தக் கடையிலும் வாங்க முடியாது. ஆகவே எந்த வழியைப் பார்த்தாலும் முதலில் நான் கேட்பது இதைத்தான்: இந்த போல்ட்டைக் காப்பாற்றுவதா, இது பிடித்திருப்பதைக் காப்பாற்றுவதா?

இரும்பு துருப்பிடிக்க நீரும் ஒட்சிசனும் போதும் என்று பாடசாலையிலேயே படித்துவிடுகிறோம். துரு போல்ட்டை ஏன் இறுக்குகிறது என்பது அந்தப் பாடத்தில் வருவதில்லை. ஒரு பங்கு இரும்பு துருவாகும்போது அதன் கனஅளவு இரண்டு மடங்கிலிருந்து ஆறு மடங்கு வரை பெருகுகிறது. போல்ட்டின் புரிக்கும் நட்டின் புரிக்கும் இடையே உள்ள வெளி மயிரிழை அளவுதான். அதற்குள் பெருகும் துருவுக்குப் போக இடமில்லை. அது இரண்டு பக்கமும் நெருக்கிக்கொண்டு நிற்கிறது.

ஊவாவின் காலநிலை இதற்கு மிகவும் தோதானது. ஒக்டோபரில் தொடங்கி ஜனவரி வரை பதுளைப் பக்கம் நல்ல மழை. நடு ஆண்டில் காய்ச்சலும் காற்றும். எப்போதும் ஈரமாகவே இருக்கும் இரும்பைவிட, நனைந்து காய்ந்து மறுபடி நனையும் இரும்புதான் வேகமாக அரிபடுகிறது. அப்புத்தளை மேட்டில் மழை இல்லாத நாளிலும் பனிமூட்டம் வந்து கூரைத் தகடுகளின் கொக்கி போல்ட்டுகளை நனைத்துவிட்டுப் போகும். தொழிற்சாலைக்கு உள்ளே வேறு நிலைமை. கொழுந்து புளிக்கும் அறையில் ஈரப்பதன் 95 சதவீதத்தை ஒட்டி இருக்கவேண்டும். ரோலர்களை நாள்தோறும் தண்ணீர் விட்டுக் கழுவுகிறார்கள். கொழுந்துச் சாறு சற்று அமிலத்தன்மை உள்ளது. அதில் இருக்கும் பொலிபீனோல்கள் இரும்போடு சேர்ந்து கன்னங்கரேலென்ற படலமாகும். ரோலரின் அடிப்பக்க நட்டுகளில் செந்துருவை அவ்வளவாகக் காணமுடியாது, தார் பூசியதுபோல் கறுத்திருக்கும். அது கறுப்பாக இருப்பதால் துரு இல்லை என்று நினைக்கக் கூடாது. புரியின் உள்ளே இருப்பது வழக்கமான துருதான்.

உரம் ஏற்றும் டிராக்டர் பெட்டியின் கதை இன்னும் மோசம். பொட்டாஷ் உரத்தில் குளோரைட்டு இருக்கிறது. அமோனியம் சல்பேற்று ஈரத்தை இழுத்து அமிலமாகும். இரண்டும் பெட்டியின் அடியில் சிந்தி, மழையில் கரைந்து, போல்ட்டுகளை ஊறவைக்கின்றன. கடற்கரை ஊர் வண்டிக்கு உப்புக்காற்று செய்வதை மலையில் இந்த உரம் செய்கிறது. உரம் இறக்கியதும் பெட்டியைக் கழுவிவிட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். பல தோட்டங்களில் அதைச் செய்வதில்லை.

டிரையரின் அடுப்புப் பக்கம் துருவைவிடக் கடினமான ஒன்றைச் சந்திக்கிறோம். விறகுத் தீயின் சூட்டில் இரும்பின் மேற்பரப்பு நேரடியாகவே ஒட்சிசனோடு சேர்ந்து செதில் செதிலாகத் தடிக்கிறது. சாம்பலும் அதில் சேர்ந்து புரியை நிரப்பிவிடும். இந்த போல்ட்டுகளில் எண்ணெய் இறங்குவதற்கு வழியே இருக்காது. அவற்றை வெட்டுவதே புத்தி. மணிக்கணக்காகப் போராடிக் கழற்றினாலும் திரும்பப் போடத்தக்க போல்ட் கையில் மிஞ்சாது.

கழற்றும் வழிகளுக்குப் போகுமுன் ஸ்பனரைப் பற்றிப் பேசியாக வேண்டும். இறுகிப்போன போல்ட் என்று வரும் முறைப்பாடுகளில் கணிசமானவை உண்மையில் முனை மழுங்கிய நட்டின் கதைகள் என்பது என் கணிப்பு. சாமுவெல் கிளெலண்ட் டேவிட்சன் 1881இல் பெல்பாஸ்ற் நகரில் தொடங்கிய சிரொக்கோ தொழிற்சாலையின் டிரையர்களும், கெயின்ஸ்பரோவின் மார்ஷல் கம்பனி செய்த ஜக்சன் ரோலர்களும் தேயிலை உலகம் முழுவதும் பரவியவை. லிப்டன் 1890இல் தம்பேதென்னையில் எழுப்பிய தொழிற்சாலையின் காலத்திலிருந்து மலைநாட்டுக்கு வந்த பிரித்தானிய இயந்திரங்களின் புரி, ஜோசப் விட்வேர்த் 1841இல் வகுத்த அளவுமுறையைச் சேர்ந்தது. அந்தப் புரியின் கோணம் 55 பாகை. இன்று நாம் வாங்கும் மெற்றிக் போல்ட்டின் கோணம் 60 பாகை.

அரை அங்குல விட்வேர்த் நட்டின் இரு பக்கங்களுக்கு இடையே பழைய அளவுப்படி 0.920 அங்குலம், அதாவது 23.4 மில்லிமீற்றர். கையில் இருக்கும் 23 ஸ்பனர் அதில் ஏறாது. 24 ஏறும், ஆனால் அரை மில்லிமீற்றருக்கு மேல் ஆடும். இறுகிய நட்டில் அந்த ஆட்டம் போதும், இரண்டு இழுவையில் ஆறு முனையும் உருண்டுவிடும். அதற்குப் பிறகு எந்த எண்ணெய் ஊற்றியும் பயனில்லை, பிடிப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. பழைய தோட்டப் பட்டறைகளில் ஒரு முனையில் விட்வேர்த் எழுத்துப் பதித்த ஸ்பனர்கள் இருந்தன. அவற்றில் எழுதியிருப்பது போல்ட்டின் பருமன், நட்டின் அகலமன்று. அது தெரியாமல் இது தவறான ஸ்பனர் என்று ஒதுக்கி, பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டவர்கள் உண்டு. அந்த ஸ்பனர் செட் ஒன்று ஒரு தொழிற்சாலையின் சொத்துப் பட்டியலில் ஏறவேண்டிய பொருள்.

இதைவிடச் சிக்கலான ஒன்றும் இருக்கிறது. 1948இல் பிரித்தானியா, அமெரிக்கா, கனடா மூன்றும் உடன்பட்டு உருவாக்கிய அங்குலப் புரியும் விட்வேர்த் புரியும் பல பருமன்களில் ஒரே எண்ணிக்கை கொண்டவை. முக்கால் அங்குலத்தில் இரண்டுக்கும் அங்குலத்துக்கு 10 புரி, ஐந்தெட்டு அங்குலத்தில் 11. ஆகவே ஒன்றின் நட் மற்றதன் போல்ட்டில் ஏறிவிடும். கோணம் பொருந்தாததால் சில இடங்களில் மட்டும் உரசி, போட்ட அன்றைக்கே இறுகும். அரை அங்குலத்தில் விட்வேர்த்துக்கு 12, மற்றதற்கு 13. அங்கே இரண்டு மூன்று சுற்றிலேயே பிடித்துக்கொள்ளும், அதற்குமேல் பலாத்காரமாகத் திருகினால் புரியே சிதையும். எழுபதுகளின் இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்திலும், 2022 நெருக்கடியின்போதும் கிடைத்ததைப் போட்டு ஓட்ட வேண்டிய கட்டாயம் எல்லாத் தொழிற்சாலைகளுக்கும் வந்தது. அப்படிப் போட்டவற்றைத்தான் இன்று கழற்றுகிறோம். ஒரு நட் இறங்க மறுத்தால், துருவைக் குற்றம் சொல்லுமுன் புரி அளக்கும் கேஜ் ஒன்றை வைத்துப் பார்ப்பது நல்லது.

இனி எண்ணெய். மண்ணெண்ணெயோடு பிரேக் ஒயில் கலந்து ஊற்றுவது நம் கராஜ்களில் நெடுநாள் வழக்கம். கியர் ஒயிலில் கொஞ்சம் தின்னர் கலப்பவர்களும் உண்டு. டப்பாவில் வரும் டபிள்யூ.டி.-40 என்பது 1953இல் கலிபோர்னியாவில் ஏவுகணையின் வெளித்தகட்டில் நீர் படாமல் காக்க உருவாக்கப்பட்டது. ஈரத்தை விரட்டுவதில் அது கெட்டி. இறுகிய புரியை இளக்குவதற்கென்றே செய்த எண்ணெய்களை அது வெல்லும் என்று சொல்லமாட்டேன். எந்தக் கலவையானாலும் செய்யும் வேலை ஒன்றே: மெல்லிய திரவம் நுண்துளைகள் வழியே தானாக உள்ளே ஊர்ந்து போகிறது, அதனோடு கொஞ்சம் வழுக்கும் எண்ணெயையும் கொண்டுபோகிறது. அதற்கு மணித்தியாலங்கள் வேண்டும், மோசமான போல்ட்டுக்கு நாட்கள் வேண்டும். ஊற்றுமுன் கம்பித் தூரிகையால் புரியின் வெளித்தெரியும் பகுதியைத் தேய்த்துச் சுத்தம் செய்யாவிட்டால் எண்ணெய் மேலேயே வழிந்துவிடும். ஊற்றிய பின் நட்டின் பக்கவாட்டில் சுத்தியலால் லேசாகத் தட்டித் தட்டி விட்டால் துருவில் வெடிப்புகள் விழும், எண்ணெய் இறங்கும். தேங்காய் எண்ணெய் இதற்கு ஆகாது. குளிரில் உறையும், நாள்பட்டால் பிசினாகும்.

தேயிலைத் தொழிற்சாலையில் இதற்கு வேறெங்கும் இல்லாத ஒரு தடை உண்டு. தேயிலை எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும். ரோலர் மேசையின் பக்கத்தில் மண்ணெண்ணெய் சிந்தினால், அந்த வாடை கொழுந்தோடு போய்க் கோப்பை வரை வரும். ஊவாவின் தனி வாசனைக்குத்தான் உலகச் சந்தை விலை கொடுக்கிறது. ஆகவே கொழுந்து படும் இடங்களில் இந்த வேலையை ரோலர் ஓயும் நாளில்தான் செய்யமுடியும். செய்தபின் சுடுநீரால் கழுவவேண்டும், அல்லது உணவுத் தொழிலுக்கென வரும் எண்ணெயையே பயன்படுத்தவேண்டும். கராஜில் சொல்லும் வைத்தியத்தை அப்படியே தொழிற்சாலைக்குள் கொண்டுவர முடியாமல் போவது இதனால்தான்.

எண்ணெய் ஊறிய பிறகு பலம். பைப் போட்டு இழுக்கும் பழக்கத்தைப் பற்றிச் சொல்லவேண்டும், ஏனென்றால் உடையும் போல்ட்டுகளில் பெரும்பாலானவை அதனால்தான் உடைகின்றன. 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு மீற்றர் பைப்பின் முனையில் தொங்கினால் போல்ட்டின்மேல் ஏறத்தாழ 590 நியூட்டன் மீற்றர் முறுக்கு விழுகிறது. தலையில் 8.8 என்று பொறித்த 12 மில்லிமீற்றர் போல்ட் ஒன்றைப் புதிதாக இறுக்குவதற்கு 80 நியூட்டன் மீற்றர் அளவில் போதும். ஏழு மடங்குக்கு மேல் கொடுத்தால் நட் சுழலாவிட்டால் போல்ட் முறியும். பைப் தேவையே இல்லை என்று சொல்லவில்லை. ஒன்றரை அங்குல போல்ட்டுக்கு அது வேண்டும். ஆனால் கை விரல் பருமன் போல்ட்டில் பைப் போடுகிறவர் அதை உடைக்கப் போகிறார் என்றே கொள்ளலாம்.

சீரான இழுவையைவிட அதிர்ச்சி மேல். துரு நொறுங்கும் பொருள். தொடர்ந்து அழுத்தினால் தாங்கும், வெட்டென்ற அடிக்கு உடையும். போல்ட்டின் தலையில் நேராக ஓங்கி ஓர் அடி. நட்டின் ஒரு பக்கம் கனமான சம்மட்டியை அணைகொடுத்து, எதிர்ப்பக்கம் சுத்தியலால் அடி. ஆறு பக்கமும் இப்படிச் சுற்றிவந்தால் சத்தம் மாறுவதைக் கேட்கலாம். முதலில் மரத்தில் அடித்ததுபோல் மந்தமாக இருக்கும், பிடி விடும்போது கணீரென்று ஒலிக்கும். அப்போது ஸ்பனரை மாட்டி, கழற்றும் பக்கமாக அன்றி இறுக்கும் பக்கமாக ஒரு சிறு அசைவு கொடுக்கவேண்டும். ‘கிரீச்’ என்ற சத்தத்தோடு நட்டின் ஓரத்தில் சிவந்த தூள் கொட்டினால் வேலை பாதி முடிந்தது. கால் சுற்றுக் கழற்றி, எண்ணெய் விட்டு, திரும்ப இறுக்கி, மறுபடி கழற்றவேண்டும். உதிர்ந்த தூள் புரியில் சிக்கி இரண்டாம் முறை இறுகுவது இதனால் தவிர்கிறது. வந்துவிட்டது என்ற அவசரத்தில் ஒரே பக்கமாகச் சுழற்றிப் பாதியில் முறிப்பவர்கள் ஏராளம்.

வார்ப்பிரும்பில் இந்த அடி வேலையை அளந்து செய்யவேண்டும். அழுத்தத்தைத் தாங்கும் வார்ப்பிரும்பு, இழுப்பையும் அடியையும் தாங்காது. ரோலரின் கால் சட்டத்தில் ஒரு காது உடைந்தால், அதை வெல்டிங் செய்வதற்கு நிக்கல் குச்சியும் முன்கூட்டியே சூடாக்கும் பொறுமையும் வேண்டும். அப்படிச் செய்தாலும் பழைய பலம் வராது.

சூடு எல்லாவற்றையும்விட வலிய வழி. உருக்கு ஒவ்வொரு பாகை வெப்பத்துக்கும் தன் நீளத்தில் இலட்சத்தில் 1.2 பங்கு விரிகிறது. 25 மில்லிமீற்றர் துளையுள்ள நட்டை 300 பாகை சூடாக்கினால் துளை 0.09 மில்லிமீற்றர் பெருக்கும். சிறிய எண்தான், ஆனால் துருவின் பிடியை உடைக்க அது போதும். சூடேற்ற வேண்டியது நட்டை. போல்ட்டையும் சேர்த்துச் சூடாக்கினால் இரண்டும் சேர்ந்து விரியும், ஒரு பயனும் இல்லை. சூடு தணியும் வேளையில் மெழுகுவர்த்தியை நட்டின் விளிம்பில் வைத்தால் மெழுகு உருகி உள்ளே இழுபடும். எண்ணெய் புகைந்து போகிற இடத்தில் மெழுகு நிற்கிறது. வாடையும் இல்லை என்பதால் தொழிற்சாலைக்குள் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

எண்ணெய் ஊற்றிய இடத்தில் தீ வைக்கக் கூடாது. தேயிலைத் தூசும் பஞ்சும் நிறைந்த கட்டடத்தில் இது உயிர்ப் பிரச்சினை. நாகம் பூசிய போல்ட்டைச் சூடாக்கினால் வெள்ளைப் புகை வரும், அதைச் சுவாசித்தவருக்கு இரவில் காய்ச்சல் வரும். சூடான வார்ப்பிரும்பில் தண்ணீர் ஊற்றினால் வெடிக்கும். செஞ்சூடு கண்ட 8.8 போல்ட் தன் உறுதியை இழந்திருக்கும், திரும்பப் போடக் கூடாது. பக்கத்தில் பெயாரிங் இருந்தால் சூடு வேண்டவே வேண்டாம்.

புதிய ரோலர்களில் துருப்பிடிக்காத உருக்கு போல்ட்டுகள் வந்துவிட்டன. அவை துருவால் இறுகுவதில்லை, உலோகத்தோடு உலோகம் உரசி ஒட்டிக்கொள்கின்றன. மின்சாரக் கருவியால் வேகமாகச் சுழற்றும்போதே இது பெரும்பாலும் நேர்கிறது. ஒட்டியபின் எண்ணெயோ சூடோ அவ்வளவாக உதவாது. அறுக்கத்தான் வேண்டும். துருப்பிடிக்காது என்று நம்பி கிரீஸ் இல்லாமல் போடுவதே இதற்குக் காரணம்.

தலை முறிந்து தண்டு உள்ளே நின்றுவிட்டால்? முறிந்த தண்டின்மேல் ஒரு நட்டை வைத்து, அதன் துளை வழியே வெல்டிங் செய்து நிரப்புவது சிறந்த வழி. பிடிக்க ஒரு தலை கிடைக்கிறது, வெல்டிங் சூடு தண்டு வழியே இறங்கித் துருவையும் உடைக்கிறது. வெல்டிங் முடியாத இடத்தில் துளையிடல். தண்டின் நட்டநடுவில் சென்டர் பஞ்ச் அடிப்பதில்தான் முழு வேலையும் தங்கியிருக்கிறது. இரண்டு மில்லிமீற்றர் விலகினால் துளை வார்ப்பிரும்பின் புரிக்குள் இறங்கிவிடும். ஈஸி-அவுட் என்று கடையில் கிடைக்கும் கூம்புத் திருகியை நான் பரிந்துரைப்பதில்லை. அது மிகக் கடினமான உருக்கு. உள்ளே முறிந்தால் சாதாரண டிரில் அதைத் தொடக்கூட முடியாது, முந்திய நிலையைவிட மோசமாகிவிடும்.

தொழிற்சாலைக்கு வெளியே இரண்டு இடங்களைச் சுருக்கமாகச் சொல்லலாம். பண்டாரவளைக்கு 1894இல் வந்த ரயில் பாதை பதுளையை அடைய 1924 ஆனது. தெமோதரை அருகே கல்லும் செங்கல்லும் சீமெந்துமாக எழுந்த ஒன்பது வளைவுப் பாலத்தில் கழற்றுவதற்கு போல்ட் இல்லை. ஆனால் அதன்மேல் ஓடும் தண்டவாளத்தில் ஒவ்வொரு மூட்டிலும் உண்டு, நீர் சொட்டும் சுரங்கங்களுக்குள் அவை விரைவில் இறுகுகின்றன. அங்கே காப்பாற்றும் பேச்சே இல்லை. ரயில் வருவதற்குள் வெட்டிப் புதிதாகப் போடுவதுதான் முறை, அது சரியும்கூட. மற்றது லொறி. பழைய பெட்போர்ட் போன்ற வண்டிகளின் இடப்பக்கச் சக்கர நட்டுகள் இடப்புரி கொண்டவை. வலப்பக்கத்தைக் கழற்றிய அதே திசையில் இடப்பக்கத்தையும் இழுப்பவர் கழற்றவில்லை, இன்னும் இறுக்குகிறார். தண்டின் முனையில் ‘எல்’ எழுத்து இருக்கிறதா என்று துருவைத் துடைத்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

இத்தனை வழிகளிலும் சிறந்தவை எல்லாம் மெதுவானவை. தோட்டங்களில் இல்லாதது அந்த நேரம்தான். ஊவாவின் தரப் பருவம் ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை. உலர்ந்த காற்று வீசும் அந்த வாரங்களில் இயந்திரம் நிற்பது பெரும் நட்டம். அப்போது ஒரு போல்ட் பிரச்சினை கொடுத்தால், ‘பாஸ், ஒரு மணித்தியாலத்துல ஓடணும்’ என்ற கட்டளைதான் வரும். ஊறவிடுவதும் தட்டுவதும் மெழுகும் எல்லாம் போய், பைப்பும் கேஸ் கட்டரும் வரும். உடைந்தால் குற்றம் ஃபிட்டரின் தலையில் விழும். இது அநியாயம். பருவத்துக்கு இரண்டு மாதம் முன்பே ஒவ்வொரு ரோலரின் முக்கிய போல்ட்டுகளையும் ஒருமுறை இளக்கி, புரியைத் துடைத்து, கிரஃபைட் கிரீஸ் பூசித் திரும்ப இறுக்க அவருக்கு நாள் கொடுத்திருந்தால் அந்த ஒரு மணித்தியாலம் தேவைப்பட்டிருக்காது. கிரீஸ் பூசிய புரியில் உராய்வு குறையும், ஆகவே இறுக்கும் விசையையும் நாலில் ஒரு பங்காவது குறைக்கவேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

எந்த ரோலரில் எந்த போல்ட் விட்வேர்த், எது மாற்றிப் போட்டது, எது வெல்டிங் பிடித்தது என்ற விவரம் பெரும்பாலும் ஒரே ஒருவரின் தலைக்குள் இருக்கிறது. அவர் ஓய்வு பெற்று, மகன் கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போனபின் அது எங்கும் இல்லை. 1992இல் தோட்டங்கள் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போனபோது கட்டடமும் காணியும் இயந்திரமும் கணக்கில் வந்தன. இந்த அறிவுக்குக் கணக்கில் இடம் இருக்கவில்லை. ஒவ்வொரு தொழிற்சாலையிலும் ஒரு தடித்த கொப்பி போதும்: இயந்திரம், இடம், பருமன், அங்குலத்துக்கு எத்தனை புரி, கடைசியாகக் கழற்றிய திகதி, கழற்றியவர் பெயர். அதோடு கால் அங்குலத்திலிருந்து ஓர் அங்குலம் வரை விட்வேர்த் டெப், டை செட் ஒன்று. இரண்டையும் வைத்திருக்கும் தொழிற்சாலையில், புதிதாக வரும் பையன் முதல் நாளே சரியான ஸ்பனரை எடுப்பான்.